சிற்றூரில் வாய் திறக்கும் உரிமை

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் உள்ள மேரியன் ஊரில் மொத்தமே சுமார் 1,900 பேர்தான் வசிக்கிறார்கள். கோதுமை வயல்கள் சூழ்ந்த இந்தச் சிற்றூருக்கு 1869 முதல் சொந்தமாக ஒரு வாரப் பத்திரிகை இருக்கிறது: ‘மேரியன் கவுன்ட்டி ரெக்கார்டு’. 2023 ஆகஸ்ட் 11 அன்று ஊர்க் காவல் துறைத் தலைவர் கிடியன் கோடி, தன் காவலர்களையும், மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவான கவுன்ட்டியின் காவல் அதிகாரி ஷெரிஃபின் ஆட்களையும் கூட்டிக்கொண்டு அந்தப் பத்திரிகை அலுவலகத்துக்குள் புகுந்தார். கணினிகளையும் கைபேசிகளையும் அள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு நிருபரின் கையிலிருந்த கைபேசியைத் தலைவரே பிடுங்கினார். அதே நாளில் பத்திரிகையின் ஆசிரியர் எரிக் மேயரின் வீட்டிலும், நகர மன்ற உறுப்பினர் ரூத் ஹெர்பெலின் வீட்டிலும் சோதனை நடந்தது.

மேயரின் வீட்டில் அப்போது இருந்தவர் அவருடைய தாயார் ஜோன் மேயர். பத்திரிகையின் பங்குதாரர்; வயது 98. நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, “என் வீட்டைவிட்டு வெளியே போங்கள்” என்று அந்த மூதாட்டி போலீஸாரை நோக்கிக் கத்துவது வீட்டுக் கேமராவில் பதிவாகியிருக்கிறது. மறுநாள் அவர் இறந்துபோனார். சோதனை தந்த அதிர்ச்சியே தாயின் உயிரைப் பறித்தது என்று மகன் குற்றம்சாட்டினார்.

இவ்வளவுக்கும் காரணம், பத்திரிகை வெளியிடவே செய்யாத ஒரு செய்தி. ஊரில் உணவகம் நடத்தும் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன்பு குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காகத் தண்டிக்கப்பட்டவர் என்ற தகவல் பத்திரிகைக்கு வந்தது. மதுபான உரிமத்துக்கு அவர் விண்ணப்பித்திருந்த நேரம் அது. மாநில அரசின் இணையதளத்தில் நிருபர் அதைச் சரிபார்த்தார். தகவல் கொடுத்தவரின் நோக்கத்தில் சந்தேகம் எழுந்ததால், செய்தியை வெளியிடாமல் காவல் துறைக்கே விஷயத்தைத் தெரிவித்தார் ஆசிரியர். சரிபார்த்ததையே ‘அடையாளத் திருட்டு’ என்று சொல்லித்தான் வாரண்ட் வாங்கப்பட்டது. கோடி முன்பு வேலை பார்த்த இடத்தில் எப்படி நடந்துகொண்டார் என்பதை அதே பத்திரிகை விசாரித்துக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சட்டம் இல்லாததால் இது நடக்கவில்லை. பேச்சுரிமையைக் காக்கும் முதல் திருத்தம் அமெரிக்க அரசமைப்பில் 1791 முதல் இருக்கிறது. செய்தியாளர்களிடம் ஆவணம் தேவைப்பட்டால் சோதனை போடாமல் அழைப்பாணை அனுப்பிக் கேட்க வேண்டும் என்று 1980இலேயே கூட்டாட்சிச் சட்டம் வந்துவிட்டது. நிருபர்களுக்குத் தகவல் தருபவர்களைக் காக்கும் சட்டம் கான்சஸிலும் உண்டு. இத்தனையையும் தாண்டி, உள்ளூர் நீதிபதி வாரண்டில் கையெழுத்துப் போட்டார். ஐந்து நாள் கழித்து, போதிய ஆதாரம் இல்லை என்று கவுன்ட்டி வழக்கறிஞர் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த ஐந்து நாளும் பொருள்கள் போலீஸார் வசம் இருந்தன. ஊழியர்கள் கிடைத்த பழைய கணினிகளில் இரவு முழுக்க உழைத்து, புதன்கிழமை இதழைத் தவறாமல் கொண்டுவந்தார்கள். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் அந்தச் சின்னப் பத்திரிகைக்குச் சந்தா கட்டினார்கள்.

பத்திரிகை ஊழியர்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை என்று 2024 ஆகஸ்ட்டில் சிறப்பு வழக்கறிஞர்கள் அறிக்கை கொடுத்தார்கள். பதவி விலகியிருந்த கோடி மீதே, நீதி நடவடிக்கையில் குறுக்கிட்டதாகக் குற்றச்சாட்டு பதிவானது. 2025 நவம்பரில் மேரியன் கவுன்ட்டி நிர்வாகம் 30 லட்சம் டாலருக்கும் மேல் இழப்பீடு தரவும் மன்னிப்புக் கேட்கவும் ஒப்புக்கொண்டது. நீதி கிடைத்தது என்று சொல்லலாம். ஆனால், நாடே திரும்பிப் பார்த்ததால் கிடைத்த நீதி இது. யாரும் திரும்பிப் பார்க்காத ஊர்களில் என்ன நடக்கும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

கிராமப்புற மாநிலங்களில் பேச்சுரிமைக்கு வரும் ஆபத்து நெருக்கத்திலிருந்து வருகிறது. நியூயார்க்கில் ஒரு பத்திரிகை காவல் துறைத் தலைவரைக் கண்டித்து எழுதினால், எழுதியவரும் அவரும் வாழ்நாளில் நேருக்கு நேர் சந்திக்காமலே போகலாம். மேரியன் போன்ற ஊரில் காவல் தலைவர், நீதிபதி, விளம்பரம் தரும் கடைக்காரர், பள்ளி வாரியத் தலைவர், தேவாலயப் போதகர் அனைவரும் ஒரே மளிகைக் கடைக்கு வருகிறவர்கள். அங்கே ஒருவரின் வாயை மூடத் தடைச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. விளம்பரத்தை நிறுத்தலாம், கணவரின் வேலையைப் பறிக்கலாம்.

இது ஊகம் இல்லை. மிசிசிப்பி மாநிலத்தின் ஹோம்ஸ் கவுன்ட்டியில் அப்படியே நடந்திருக்கிறது. லெக்சிங்டன் என்ற சிற்றூரில் ‘லெக்சிங்டன் அட்வர்டைசர்’ பத்திரிகையை நடத்தியவர் ஹேசல் பிரானன் ஸ்மித். அலபாமாவில் பிறந்த வெள்ளையர். இனப் பிரிவினை முறையைத் தொடக்கத்தில் எதிர்த்தவரும் இல்லை. 1954இல் அந்தக் கவுன்ட்டியின் ஷெரிஃப், ஓடிக்கொண்டிருந்த ஒரு கறுப்பின இளைஞரைக் காலில் சுட்டார். அந்த இளைஞர் செய்த தவறு எதுவும் இல்லை. ஷெரிஃப் பதவி விலக வேண்டும் என்று ஸ்மித் தலையங்கம் எழுதினார். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதைத் தவிர அவர் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை.

ஷெரிஃப் அவதூறு வழக்குப் போட்டார். 10,000 டாலர் இழப்பீடு தர வேண்டும் என்றது உள்ளூர் ஜூரி. மாநில உச்ச நீதிமன்றம் 1955இல் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வழக்கில் ஷெரிஃப் தோற்ற பிறகுதான் ஊர் தன் வேலையைத் தொடங்கியது. பிரிவினையைக் காக்கக் கிளம்பிய ‘வெள்ளைக் குடிமக்கள் மன்றம்’ பத்திரிகையைப் புறக்கணிக்கச் சொன்னது, விளம்பரங்கள் நின்றன. கவுன்ட்டி மருத்துவமனையின் நிர்வாகியாக இருந்த ஸ்மித்தின் கணவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பத்திரிகையைச் சாகடிக்கவென்றே அதே ஊரில் போட்டிப் பத்திரிகை ஒன்றும் தொடங்கப்பட்டது. ஸ்மித் பணியவில்லை, கடன் வாங்கி அச்சடித்தார். 1964இல் தலையங்கத்துக்கான புலிட்சர் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தப் பிரிவில் அப்பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான். பரிசு கடனை அடைக்கவில்லை. 1985இல் பத்திரிகை நின்றுபோனது. 1994இல் அவர் வறுமையில் இறந்தார்.

அவருடைய வாழ்க்கையில் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது, பரிசுக் குழு நின்றது, வரலாறும் நின்றது. பிறகும் அவர் தோற்கடிக்கப்பட்டார் என்றால், தீர்ப்பு மட்டும் உரிமையைக் காப்பாற்றாது என்று பொருள். தீர்ப்புக்கும் அடுத்த தீர்ப்புக்கும் இடையில் மாதாமாதம் அச்சுக் கூலி கொடுக்க வேண்டும், வீட்டு வாடகை கட்ட வேண்டும். கூட நிற்க ஆள் வேண்டும்.

இன்னும் பின்னே போனால் மான்டானா வருகிறது. முதல் உலகப் போரின்போது அங்கே வெஸ் ஹால் என்ற பண்ணைக்காரர், கட்டாய ராணுவச் சேர்ப்பு வந்தால் ஓடிவிடுவேன் என்றும், ஜெர்மனி ஜெயிக்கட்டும் என்றும், அதிபர் பணக்காரர்களின் கைப்பாவை என்றும் அங்கங்கே பேசியிருந்தார். தேசத் துரோகி என்று வழக்கு வந்தது. கூட்டாட்சி நீதிபதி ஜார்ஜ் பர்கின் 1918 ஜனவரியில் அவரை விடுவித்தார். ஹால் பேசிய இடம் சுமார் 60 பேர் வாழும் ஒரு குக்கிராமம். ரயில் நிலையத்துக்கே 60 மைல் போக வேண்டும். அங்கே பேசிய பேச்சு எந்தப் படையை, எப்படித் தடுத்துவிடும் என்று கேட்டார் நீதிபதி. அந்தக் காலத்தின் போர் வெறிக்கு நடுவே இப்படி ஒரு கேள்வி கேட்க நெஞ்சுரம் வேண்டும்.

மான்டானா அந்தக் கேள்வியைப் பொறுத்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டம் கூட்டப்பட்டது. அரசையோ, அரசமைப்பையோ, கொடியையோ, ராணுவ உடையையோ இழிவாகப் பேசினால் 20 ஆண்டு வரை சிறை, 20,000 டாலர் வரை அபராதம் என்று சட்டம் இயற்றினார்கள். ஹாலின் வழக்கில் அவருக்காகச் சாட்சி சொன்ன மாநில நீதிபதி சார்லஸ் கிரம், பதவிநீக்கத் தீர்மானத்துக்கு ஆளானார். வாஷிங்டன் அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் திருத்தி, மே மாதம் நாட்டுக்கே சட்டமாக்கியது. ஒரு கிராமப்புற மாநிலம் செய்த தவறு நாடு முழுக்கப் பரவ மூன்று மாதம்தான் ஆனது.

அந்தச் சட்டத்தின் கீழ் மான்டானாவில் தண்டிக்கப்பட்டவர்கள் 79 பேர். அவர்களில் 41 பேர் சிறைக்குப் போனார்கள். பெரும்பாலானோர் விவசாயிகள், கூலிகள், குடியேறிகள். மதுக்கடையில் வாய் தவறிப் பேசியவர்கள்கூட உண்டு. போர்க்கால உணவுக் கட்டுப்பாட்டை வெறும் கேலிக்கூத்து என்று சொன்ன மது விற்பனைப் பிரதிநிதி ஒருவருக்கு ஏழரை ஆண்டு முதல் 20 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. காட்டிக்கொடுத்தது உளவுத் துறை அல்ல. பக்கத்து மேசையில் இருந்தவர்கள், பழைய பகை கொண்டவர்கள். 2006 மே மாதத்தில், மான்டானா பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர்களும் இதழியல் மாணவர்களும் உழைத்துத் தயாரித்த மனுவை ஏற்று, ஆளுநர் பிரையன் ஷ்வைட்சர் 78 பேருக்கு மன்னிப்பு வழங்கினார். ஒருவருக்கு முன்பே கிடைத்திருந்தது. மன்னிக்கப்பட்ட யாரும் அப்போது உயிருடன் இல்லை.

இதையெல்லாம் படிக்கும் நகரத்துக்காரர், ‘நாட்டுப்புறம் அப்படித்தான்’ என்று உதட்டைப் பிதுக்கினால் அது பெரிய தவறு. அமெரிக்கர்கள் இன்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் பேச்சுரிமைத் தீர்ப்புகளில் சில, சிற்றூர்ப் பிள்ளைகள் வாங்கித் தந்தவை. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கொடிக்கு வணக்கம் செலுத்துவதில்லை. பள்ளிகள் அதைக் கட்டாயப்படுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 1940இல் தீர்ப்புச் சொன்னதும் ஊர் ஊராக அவர்கள் மீது தாக்குதல்கள் நடந்தன. மேற்கு வர்ஜீனியாவின் ரிச்வுட் ஊரில் ஷெரிஃபின் துணை அதிகாரி ஒருவர், அவர்களை நகரக் கட்டடத்தில் அடைத்துவைத்து வலுக்கட்டாயமாக விளக்கெண்ணெய் குடிக்க வைத்தார். பிறகு கயிற்றால் பிணைத்து ஊரைவிட்டு வெளியே நடத்திச் சென்றார்கள்.

அதே மேற்கு வர்ஜீனியாவில், சார்ல்ஸ்டன் நகரத்துக்கு வெளியே இருந்த ஒரு சின்னஞ்சிறு பள்ளியில் பார்னெட் குடும்பத்தின் இரண்டு சிறுமிகள் கொடி வணக்கம் செய்ய மறுத்து வெளியேற்றப்பட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. மூன்றே ஆண்டுகளில் நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. 1943 ஜூன் 14 அன்று, ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், எந்தக் குடிமகனையும் நம்பாததைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த அரசுக்கு அதிகாரம் இல்லை என்றது. எழுதியவர் நீதிபதி ராபர்ட் ஜாக்சன். நியூயார்க் மாநிலத்தின் சிறு நகரம் ஒன்றில் வக்கீல் தொழில் பார்த்து மேலே வந்தவர்.

இந்தத் தீர்ப்பு கடல் கடந்தும் வந்தது. கேரளத்தில் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றும் சேர்ந்து பாடாத காரணத்தால் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்தைச் சேர்ந்த மூன்று குழந்தைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டபோது, 1986இல் நம் உச்ச நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய அந்தத் தீர்ப்பில் மேற்கு வர்ஜீனியா வழக்கும் எடுத்துப் பேசப்பட்டிருக்கிறது.

உள்ளூர் நெருக்கடி ஒரு பக்கம் என்றால், மாநிலத் தலைநகரங்களில் தயாராகும் சட்டங்கள் இன்னொரு பக்கம். ஒரே தொழில் பொருளாதாரத்தைச் சுமக்கும் மாநிலத்தில், அந்தத் தொழிலைப் பற்றிப் பேசுவதையே குற்றமாக்கும் ஆசை ஆட்சியாளர்களுக்கு வந்துவிடுகிறது. ஐடஹோவின் பால் பண்ணை ஒன்றில் மாடுகள் சித்திரவதை செய்யப்படுவதை விலங்குநல ஆர்வலர்கள் ரகசியமாகப் படம்பிடித்து 2012இல் வெளியிட்டார்கள். 2014இல் மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. மாடுகளைக் காக்க அல்ல. அனுமதியில்லாமல் பண்ணைக்குள் படம்பிடிப்பவருக்கு ஓராண்டு வரை சிறை. கூட்டாட்சி நீதிபதி லின் வின்மில் 2015இல் அதைச் செல்லாது என்றார். சிகாகோவின் இறைச்சிக் கூடங்களில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே கண்டதை நாவலாக எழுதிய அப்டன் சின்க்ளேர் இந்தச் சட்டத்தின்படி குற்றவாளி ஆகியிருப்பார் என்பதையும் தீர்ப்பில் சுட்டிக்காட்டினார். மேல்முறையீட்டில் சில பிரிவுகள் தப்பின. படம்பிடிக்கும் தடை தப்பவில்லை. இந்த வகைச் சட்டத்தை 1990இலேயே முதலில் இயற்றியது கான்சஸ். பன்றி வளர்ப்பில் நாட்டிலேயே முதலிடம் வகிக்கும் அயோவாவில் ஒரு சட்டம் நீதிமன்றத்தில் விழுந்ததும் அடுத்த சட்டம் வந்தது.

வயோமிங் இன்னும் ஒரு படி மேலே போனது. கால்நடை மேயும் பொது நிலங்களின் ஓடைகளில் தண்ணீர் மாதிரி எடுத்து, அதில் நோய்க் கிருமிகள் இருக்கின்றனவா என்று சில சூழலியல் அமைப்புகள் பார்த்துவந்தன. 2015இல் வந்த சட்டப்படி, திறந்த வெளியில் அனுமதியின்றி இயற்கை பற்றிய தகவல் திரட்டி அரசுக்குக் கொடுப்பதே தண்டனைக்குரியதானது. ஒரு போத்தலில் ஓடைத் தண்ணீரை மொண்டு, நாள், இடம் குறித்து, அரசின் சுற்றுச்சூழல் துறைக்கு அனுப்புவதைக் குற்றம் என்று எழுதிவைத்தார்கள். தகவல் திரட்டுவதும் பேச்சுரிமையின் பகுதிதான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் சொன்னது. மறு ஆண்டு அந்தப் பிரிவுகள் விழுந்தன.

தெற்கு டகோட்டாவின் கதையும் இதுவே. கீஸ்டோன் எண்ணெய்க் குழாய்த் திட்டத்தைப் பண்ணைக்காரர்களும் பூர்வகுடிகளும் கைகோத்து எதிர்த்தார்கள். கலவரத்தைத் ‘தூண்டியவரிடம்’ பணம் வசூலிக்கும் சட்டத்தை 2019இல் மாநிலம் கொண்டுவந்தது. நேரில் வராமல் ஊக்கப்படுத்திக் கடிதம் எழுதியவர்கூட மாட்டிக்கொள்ளும் அளவுக்கு அதன் வாசகம் விரிந்திருந்தது. இப்படி ஒரு சட்டம் அன்று இருந்திருந்தால் மார்ட்டின் லூதர் கிங்கும் அதில் சிக்கியிருப்பார் என்று கருதிய நீதிபதி லாரன்ஸ் பியர்சோல், அதே ஆண்டில் தடை விதித்தார்.

மேலே சொன்ன வழக்குகள் பலவற்றில் ஒரு பொது அம்சம் உண்டு. வெளியிலிருந்து யாரோ ஒரு வழக்கறிஞர் வந்து சேர்ந்தார். பார்னெட் சிறுமிகளுக்காக வாதாடிய ஹேடன் கோவிங்டன், ப்ரூக்ளினில் இருந்த யெகோவாவின் சாட்சிகள் தலைமையகத்தின் வழக்கறிஞர். தெற்கு டகோட்டா வழக்கை அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம் (ஏ.சி.எல்.யூ.) எடுத்து நடத்தியது. அந்தச் சங்கத்துக்கே தெற்கு டகோட்டா, வடக்கு டகோட்டா, வயோமிங் ஆகிய மூன்று மாநிலங்களையும் பல ஆண்டுகள் ஒரே கிளையாகக் கவனிக்க வேண்டியிருந்தது. மூன்றும் சேர்ந்தால் தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு நிலப்பரப்பு. ஒரு நூலகர், ஓர் ஆசிரியர், ஒரு பண்ணைத் தொழிலாளி அங்கிருந்து உதவி கேட்டால் வழக்கறிஞர் போய்ச் சேரவே ஒரு நாள் ஆகும்.

உள்ளூர் வழக்கறிஞர்களை நம்பலாம் என்றால் அவர்களும் குறைந்துவருகிறார்கள். அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2020இல் எடுத்த கணக்கில், நாட்டின் கவுன்ட்டிகளில் சுமார் 40 விழுக்காட்டில் ஆயிரம் பேருக்கு ஒரு வழக்கறிஞர்கூட இல்லை. இருக்கும் ஒருவரும் நகராட்சிக்கோ பள்ளி வாரியத்துக்கோ ஆலோசகராக இருப்பார். அவர்களை எதிர்த்து வர மாட்டார். பத்திரிகைகளின் நிலைமை இதைவிட மோசம். 2005க்குப் பிறகு மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பத்திரிகைகள் மூடப்பட்டுவிட்டதாக நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகள் சொல்கின்றன. 200க்கும் மேற்பட்ட கவுன்ட்டிகளில் உள்ளூர்ச் செய்தி நிறுவனம் ஒன்றுகூடக் கிடையாது. மேரியனில் நடந்தது போன்ற ஒரு சோதனை அங்கே நடக்கவே நடக்காது. சோதனை போட அங்கே பத்திரிகை இல்லை. காவல் தலைவரின் பழைய வேலை குறித்து விசாரிக்கவும் ஆள் இல்லை.

மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேலில் 2025 பிப்ரவரியில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். நகர மன்றம் கூடப்போவதைத் தங்களுக்கு முறையாகத் தெரிவிக்கவில்லை என்று உள்ளூர்ப் பத்திரிகை தலையங்கம் எழுதியது. நகராட்சி அவதூறு வழக்குப் போட்டது. பத்திரிகையின் தரப்பைக் கேட்காமலே, தலையங்கத்தை இணையதளத்திலிருந்து நீக்கும்படி நீதிபதி உத்தரவிட்டார். நாடு முழுவதும் கண்டனம் கிளம்பிய பிறகே நகராட்சி பின்வாங்கியது. ஊரின் வாயை அடைக்கப் போடப்படும் இப்படிப்பட்ட வழக்குகளைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்து, வழக்குச் செலவையும் போட்டவரிடமே வசூலிக்கும் சட்டம் அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் வந்துவிட்டது. மிசிசிப்பியில் அன்று அது இல்லை. ஹேசல் ஸ்மித் தனியாக நின்று 70 ஆண்டுகள் ஆன பிறகும் இல்லை.

செய்ய வேண்டியவை தெரியாதவை அல்ல. சிற்றூரில் தங்கித் தொழில் செய்யும் வழக்கறிஞர்களுக்கு ஐந்தாண்டுகள் ஊக்கத்தொகை தரும் திட்டத்தை நாட்டிலேயே முதலாவதாகத் தெற்கு டகோட்டா 2013இல் தொடங்கியது. பேச்சை ஒடுக்கச் சட்டம் போட்ட அதே மாநிலம்தான் அது. மற்ற மாநிலங்கள் இதைப் பின்பற்றலாம். குடிமை உரிமை அமைப்புகள் வாஷிங்டனில் நடத்தும் கருத்தரங்கின் செலவில் ஒரு பகுதியைக் கொண்டு, நெப்ராஸ்காவிலோ மிசிசிப்பியின் டெல்டாவிலோ ஒரு வழக்கறிஞரை நிரந்தரமாகக் குடியமர்த்தலாம். மிரட்டல் வழக்குகளைத் தடுக்கும் சட்டம் இல்லாத மாநிலங்களில் அதற்காகச் சட்டமன்ற உறுப்பினர்களை வற்புறுத்தலாம்.

வயோமிங்கின் கேம்பல் கவுன்ட்டி நூலக இயக்குநர் டெர்ரி லெஸ்லி, பாலினம், பாலியல் தொடர்பான சில நூல்களைக் குழந்தைகள், இளையோர் பகுதியிலிருந்து எடுக்கச் சொன்னபோது மறுத்ததற்காக 2023 ஜூலையில் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். வழக்காட அவருக்கு வழக்கறிஞர் கிடைத்தார். 2025இல் கவுன்ட்டி அவருக்கு 7 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. வழக்கறிஞர் கிடைக்காத நூலகர்களும் ஆசிரியர்களும் எத்தனை கவுன்ட்டிகளில் அலமாரியிலிருந்து நூல்களைத் தாங்களே எடுத்து உள்ளே வைத்துவிடுகிறார்கள் என்பதற்கு எந்த நீதிமன்றத்திலும் பதிவு இருக்காது. பேச்சுரிமைக்காக நன்கொடை கொடுப்பவர்களும் வழக்கு நடத்துபவர்களும் முதலில் போக வேண்டியது அந்தக் கவுன்ட்டிகளுக்குத்தான்.